எனக்காக அல்ல, எங்களுக்காக

ஜெபமாலை மாதப் பிரசங்கம்

(தியானிக்க வேண்டிய வேதபாகங்கள்: அர்ச். லூக்காஸ் 1: 39–56, அர்ச். அருளப்பர் 2: 1–11, 19: 25–27)



அக்டோபர் மாதம் பிறந்தால் நம் பங்கில் வீட்டுக்கு வீடு ஜெபமாலைச் சத்தம் கேட்கிறது. வேலையிலிருந்து திரும்பிய களைப்போடு தகப்பனும் தாயும் முழங்காலில் இருக்கிறார்கள். சிறு பிள்ளைகள் மூன்றாம் பத்துமணியிலேயே தூங்கி விழுகிறார்கள். ஆயினும் ஜெபமாலை நிற்பதில்லை. இதைக் கண்டு பரலோகத்தில் தேவமாதா சந்தோஷப்படுவாள் என்பதில் சந்தேகமில்லை.

அந்த ஜெபமாலையில் நாம் கேட்பது என்ன? ஒரு வீட்டில் மகளுக்கு நல்ல வரன். மறு வீட்டில், ஷூ கம்பெனியில் நின்றுபோன வேலை மறுபடி கிடைக்க வேண்டும். இன்னொரு வீட்டில் வட்டிக்கடன் தீர வேண்டும். வேறொரு வீட்டில், வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் தகப்பனார் எழுந்து நடக்க வேண்டும். இப்படிக் கேட்பது குற்றமா? குற்றமே அல்ல. தாயிடம் கேளாமல் பிள்ளை வேறு யாரிடம் கேட்கும்?

ஆனால் நம்முடைய வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையை இன்று சற்றே நிறுத்திப் பார்ப்போம். அருள் நிறைந்த மந்திரத்தின் பிற்பாதியில் நாம் தேவமாதாவைப் பார்த்து, வேண்டிக்கொள்ளும் என்கிறோம். யாருக்காக? "எங்களுக்காக." "எனக்காக" என்ற சொல் அந்த மந்திரத்தில் எங்குமே இல்லை. ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை என்று நம் பெரியோர் இதற்குப் பெயர் வைத்தார்கள். ஆகையால் தினந்தோறும் 53 தரம் நாம் "எங்களுக்காக" என்று சொல்லுகிறோம். மனதிலோ பலமுறை "எனக்காக" என்றே நினைத்துக்கொள்ளுகிறோம்.

இந்த மந்திரத்தின் முற்பாதி கபிரியேல் சம்மனசானவரும் அர்ச். எலிசபெத்தம்மாளும் சொன்ன வாழ்த்து. அது சுவிசேஷத்திலேயே இருக்கிறது. பிற்பாதியோ திருச்சபையின் மன்றாட்டு. அர்ச். ஐந்தாம் பத்திநாதர் பாப்பரசர் 1568ஆம் ஆண்டில் குருக்களுக்கான கட்டளை ஜெபப் புத்தகத்தை வெளியிட்டபோது, இன்று நாம் சொல்லும் வகையில் அது அதில் இடம்பெற்று நிலைபெற்றது. தாயாகிய திருச்சபை தன் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தபோது, தனி ஆளாய்க் கேட்கச் சொல்லாமல் கூட்டமாய்க் கேட்கச் சொன்னாள். சேசுநாதர் தாமே கற்பித்த ஜெபத்திலும் பிதாவை "எங்கள்" பிதா என்றே அழைக்கிறோம் அன்றோ?

இன்று நாம் தியானிக்க வேண்டிய சத்தியம் இதுவே: தேவமாதாமீது நாம் வைக்கும் பக்தி நம்மை "எனக்காக" என்பதிலிருந்து "எங்களுக்காக" என்பதற்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கொண்டுபோகாத பக்தி பாதி வழியில் நின்றுபோன பக்தி.

பேரம் பேசும் பக்தி

தேவமாதாவின் மகா பக்தராகிய அர்ச். லூயி மரிய மோன்போர் என்பவர் பிரான்சு தேசத்துக் குருவானவர். 1716ஆம் ஆண்டு ஏப்ரல் 28ந் தேதி மரித்தார். கன்னிமரியம்மாள்மீது கொள்ளவேண்டிய மெய்யான பக்தியைக் குறித்து அவர் எழுதிவைத்த ஏடுகள் ஒரு பெட்டியில் மறைந்து கிடந்து, 1842ஆம் ஆண்டில்தான் கண்டெடுக்கப்பட்டன. 1947ஆம் ஆண்டில் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டராக உயர்த்திற்று.

அந்தப் புத்தகத்தில் அவர் போலிப் பக்தர்களை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். அவர்களுள் ஒரு வகையார் தன்னலப் பக்தர்கள். வழக்கில் ஜெயிக்க வேண்டும், ஆபத்து விலக வேண்டும், வியாதி நீங்க வேண்டும் என்றால் மட்டும் மாதாவிடம் ஓடிவருவார்கள். காரியம் முடிந்தபின் அவர்களைக் காணமுடியாது. மெய்யான பக்திக்கோ அவர் ஐந்து அடையாளங்கள் சொல்லி, கடைசி அடையாளமாகச் சுயநலம் பாராமையைக் குறிப்பிடுகிறார். மெய்யான பக்தன் தனக்குக் கிடைக்கும் லாபத்துக்காக மாதாவை நேசிப்பதில்லை. அவள் நேசிக்கப்படத் தகுந்தவள் என்பதற்காகவே நேசிக்கிறான். கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவனுடைய நேசம் குறைவதில்லை.

பிரியமானவர்களே, நாம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறோம். நேர்ச்சை வைக்கிறோம். மெழுகுவர்த்தி கொளுத்துகிறோம். இவையெல்லாம் நல்லவையே. நேர்ச்சை என்பது நன்றியுள்ள இருதயத்தின் காணிக்கை. ஆனால், "நீ இதைச் செய், நான் அதைத் தருகிறேன்" என்று மண்டியில் தோலுக்கு விலை பேசுவதுபோல் மாதாவிடம் விலை பேசுகிறவனுடைய நேர்ச்சை வியாபாரமாய்ப் போகிறது. கேட்ட மன்றாட்டு கிடைக்கவில்லை என்று சுரூபத்துக்கு முன் விளக்கேற்றுவதை நிறுத்தியவர்கள் உண்டு. அவர்கள் அதுவரை நேசித்தது யாரை? மாதாவையா, அல்லது தங்களையா?

மோன்போர் கற்பித்த முழு ஒப்புக்கொடுத்தல் இதற்கு நேர்மாறானது. அதிலே ஒருவன் தன் சரீரத்தையும், ஆத்துமத்தையும், உடைமைகளையும், இவற்றோடு தன் நற்கிரியைகளின் பலனையும்கூடத் தேவமாதாவின் கையில் கொடுத்துவிடுகிறான். நான் சொல்லும் ஜெபமாலையின் பலன் என் குடும்பத்துக்கே சேரவேண்டும் என்று அவன் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் முகமறியாத ஓர் ஆத்துமத்துக்கு அது பயன்படும் என்றால், தாயே, அங்கே கொடுத்துவிடும் என்கிறான். தான் ஜெபித்த ஜெபத்தின் பலனையே தனக்கென்று வைத்துக்கொள்ளாதவன், தன் சட்டைப் பையிலிருக்கும் பணத்தையா இறுக்கிப் பிடிப்பான்? சுயநலம் பாராத சிநேகத்துக்கு மரியன்னையின் பக்தி பாதையாக அமைவது இவ்வண்ணமே.

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964ஆம் ஆண்டில் திருச்சபையைக் குறித்து வெளியிட்ட ஏட்டில் இதையே உறுதிப்படுத்திற்று. தேவமாதாவின் மெய்யான பக்தி நொடிப்பொழுதில் வந்துபோகும் உணர்ச்சியில் இல்லை என்றும், நம் தாயாகிய அவளை நேசித்து அவளுடைய புண்ணியங்களைக் கண்டு பாவிப்பதில் இருக்கிறது என்றும் அது போதித்தது. அவளைக் கண்டு பாவிக்க வேண்டுமானால் அவள் என்ன செய்தாள் என்று பார்க்க வேண்டும். ஜெபமாலையின் மூன்று தேவ இரகசியங்களைத் தியானிப்போம்.

நடந்த கால்கள்

சந்தோஷ தேவ இரகசியங்களில் இரண்டாவது, தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்தது. சர்வேசுரனுடைய திருக்குமாரனைத் தன் திருவுதரத்தில் தாங்கியிருக்கிறாள். இதைவிட மேலான மகிமை எந்த மனுஷிக்குக் கிடைத்தது? மற்றவர்கள் தன்னிடம் வந்து வணங்கட்டும் என்று அவள் நாசரேத்தூரில் உட்கார்ந்திருக்கலாம். அவளோ விரைந்து புறப்பட்டாள். நாசரேத்தூரிலிருந்து யூதேயா மலைநாடு, நம் வேலூருக்கும் சென்னைக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய இருக்கும். பஸ்ஸும் ரயிலும் இல்லாத காலம். பல நாள் வழிப்பிரயாணம்.

எதற்காகப் போனாள்? வயது சென்ற ஒரு பெண் முதல் பிள்ளையைச் சுமக்கிறாள் என்று கேள்விப்பட்டாள். போய் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள். மூன்று மாதம் ஒரு கர்ப்பிணியின் வீட்டில் தங்குவது என்றால் என்ன அர்த்தம் என்று நம் தாய்மாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் எடுப்பதும், மாவரைப்பதும், பாத்திரம் துலக்குவதும், வெந்நீர் வைப்பதும் அதில் அடக்கம். சேசுநாதரைச் சுமந்த தாய் செய்த முதல் காரியம் பிறர் வீட்டு வேலை.

இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும், பேரணாம்பட்டிலும், இராணிப்பேட்டையிலும் எத்தனையோ தாய்மார் விடியற்காலையில் எழுந்து சமைத்துவைத்து, கம்பெனி வண்டியைப் பிடித்து, பகல் முழுதும் ஷூவின் மேல்தோலைத் தைத்து, இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். திரும்பி வந்தும் அடுப்பு அவர்களுக்காகவே காத்திருக்கிறது. அப்போது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "தேவமாதாவைப்போல் பொறுமையாயிரு" என்று மனைவிக்குப் புத்தி சொல்லும் புருஷனும் உண்டு. சகோதரனே, தேவமாதாவைக் கண்டு பாவிக்கும் கடமை பெண்களுக்கு மாத்திரம் கொடுக்கப்பட்டதா? ஜெபமாலைக்கு முன் நீ பாத்திரம் துலக்கினால், மகன் தண்ணீர் பிடித்து வைத்தால், அதுவே உன் வீட்டில் நடக்கும் தேவமாதாவின் சந்திப்பு.

இன்னும் ஒன்று: குடித்துவிட்டு வந்து அடிப்பவனுடைய கொடுமையைச் சகித்துக்கொண்டே இருப்பதற்குப் பெயர் சுயநலமற்ற சிநேகம் அல்ல. எலிசபெத்தம்மாளின் வீட்டில் தேவமாதா பாடிய பாட்டு, வல்லவர்களை ஆசனங்களிலிருந்து இறக்கித் தாழ்ந்தவர்களை உயர்த்துகிற சர்வேசுரனைப் புகழுகிற பாட்டு என்பதை மறக்க வேண்டாம். அப்படிப்பட்ட கஷ்டத்தில் இருக்கிற சகோதரி வெட்கப்படாமல் உதவி கேட்கட்டும். அயல் வீட்டார் கதவைச் சாத்திக்கொள்ளாமல் அவளுக்குத் துணை நிற்கட்டும்.

பார்த்த கண்கள்

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 2002ஆம் ஆண்டில் ஜெபமாலையோடு ஒளியின் தேவ இரகசியங்களைச் சேர்த்தார். அவற்றில் இரண்டாவது கானாவூர்க் கல்யாணம்.

கல்யாண வீட்டில் விருந்தாளிகள் இலையைப் பார்க்கிறார்கள். உறவின்முறையார் மரியாதையைப் பார்க்கிறார்கள். தேவமாதாவோ பந்தியில் இரசம் குறைந்துபோனதைப் பார்த்தாள். யாரும் வந்து அவளிடம் சொன்னதாகச் சுவிசேஷத்தில் எழுதப்படவில்லை. அந்த ஏழை வீட்டாருக்கு வரவிருந்த அவமானத்தைத் தன் அவமானமாக எண்ணினாள். மகனிடம் போய், இரசம் தீர்ந்துபோயிற்று என்ற செய்தியை மாத்திரம் சொன்னாள்.

சுவிசேஷம் முழுவதையும் புரட்டிப் பாருங்கள். தேவமாதா தன் மகனிடம் உதவி நாடிப் போனதாக எழுதப்பட்டிருக்கிற இடம் இது ஒன்றே. இங்கும் அவள் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. பணிவிடைக்காரரைப் பார்த்து, அவர் சொல்லுகிறபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். ஆறு கற்சாடிகளிலும் தண்ணீர் இரசமாயிற்று. பிறகு நடந்ததைக் கவனியுங்கள்: பந்தி விசாரிப்புக்காரன் மணமகனைக் கூப்பிட்டு மெச்சுகிறான். தேவமாதாவுக்கு நன்றி சொன்னவர் ஒருவரும் இல்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. செய்த உதவிக்குக் கோயில் சுவரில் பெயர் பொறிக்க வேண்டும் என்று நினைக்கிற நமக்கு இது எவ்வளவு பெரிய பாடம்!

நின்ற இருதயம்

மூன்றாவது, கல்வாரி மலை. சீஷர்கள் சிதறி ஓடியபோது தேவமாதா சிலுவையடியில் நின்றாள். அங்கே சேசுநாதர் தமது அன்புச் சீஷனாகிய அருளப்பரைக் காட்டி, அவனை அவளுக்கு மகனாகக் கொடுத்தார். தன் சொந்த மகன் உயிர் விடுகிற நேரத்தில் பிறத்தியாள் பெற்ற மகனைத் தன் மகனாக ஏற்றுக்கொள்ளும்படி ஒரு தாயிடம் சொன்னால், அவள் மனம் என்ன பாடுபடும்! அவள் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அருளப்பரோடு நாமும் அவளுக்குப் பிள்ளைகளானோம். "எங்களுக்காக" என்று நாம் சொல்ல உரிமை பெற்றது அங்கேதான்.

இதன் பொருளைத் தன் உயிரால் விளக்கினவர் அர்ச். மாக்ஸிமிலியன் கோல்பே என்னும் போலந்து தேசத்துக் குருவானவர். 1917ஆம் ஆண்டில் உரோமையில் அமலோற்பவ மாதாவின் சேனையை ஏற்படுத்தியவர். 1932இல் நம் அண்டை மலையாள நாட்டு எர்ணாகுளத்துக்கும் வந்து, அங்கே மாதாவின் பேரால் ஒரு மடம் அமைக்க முயன்றவர். இரண்டாம் உலக யுத்தத்தில் அவுஷ்விட்ஸ் சிறை முகாமில் அடைக்கப்பட்டார். 1941 ஜூலை மாதக் கடைசியில் ஒரு கைதி காணாமற்போனதற்குத் தண்டனையாக, பத்துப் பேர் பட்டினியால் சாகும்படி பொறுக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவன் தன் மனைவி மக்களை நினைத்து அலறினான். கோல்பே சுவாமியார் வரிசையிலிருந்து வெளியே வந்து, அந்த மனிதனுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆகஸ்டு 14ந் தேதி, மாதாவின் ஆரோபணத் திருநாளுக்கு முந்தின நாள், விஷ ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். உயிர் பிழைத்த அந்த மனிதன், 1982 அக்டோபர் 10ந் தேதி கோல்பே சுவாமியாருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுக்கப்பட்டபோது உரோமையில் கூட இருந்தான்.

கோல்பே சுவாமியார் அந்த ஒரு நாளில் திடீரென்று அவ்வளவு பெரிய சிநேகத்தை எங்கிருந்து பெற்றார்? திடீரென்று பெறவில்லை. அதற்கு முன் எத்தனையோ ஆண்டு, மாதாவே, என்னை உம்முடையவனாக எடுத்துக்கொள்ளும் என்று தினந்தோறும் ஒப்புக்கொடுத்தவர் அவர். ஒப்புக்கொடுத்ததை அந்த நாளில் மாதா எடுத்துக்கொண்டாள்.

நம் நாட்டில், நம் ஊரில்

நம் வேலூர் மேற்றிராசனம் 1952 நவம்பர் 13ந் தேதி ஏற்படுத்தப்பட்டது. அதன் பேராலயம் தேவமாதாவின் ஆரோபணத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. முதல் மேற்றிராணியார் மரியசெல்வம் ஆண்டகை. அவருக்குப் பின் வந்தவர் மரியநாயகம் ஆண்டகை. இருவர் பெயரிலும் மாதாவின் பெயர் இருக்கிறது. இருவரும் அர்ச். தொன் போஸ்கோவின் சலேசிய சபையார். கிறிஸ்தவர்களுக்குச் சகாயமான மாதாவின் பக்தியைப் பரப்பி, 1868ஆம் ஆண்டில் தூரின் நகரத்தில் அவள் பேரால் பெரிய கோயில் எழுப்பியவர் அந்தத் தொன் போஸ்கோ.

நம் வீடுகளிலும் ஆரோக்கியமேரி உண்டு, சகாயமேரி உண்டு, அடைக்கலமேரி உண்டு. இந்தப் பெயர்களைச் சற்று யோசியுங்கள். ஆரோக்கியம், சகாயம், அடைக்கலம் ஆகிய இவையெல்லாம் பிறருக்குக் கொடுக்க வேண்டியவை. சகாயம் என்று பெயர் சூட்டப்பட்டவள் அயலாருக்குச் சகாயம் செய்யாவிட்டால், அடைக்கலம் என்று பெயர் பெற்றவன் வாசலில் வந்து நின்றவனைத் துரத்திவிட்டால், அந்தப் பெயர் நமக்கு விரோதமாகச் சாட்சி சொல்லாதா?

நம் மேற்றிராசனத்துச் சேத்துப்பட்டில் பாரீஸ் வேதபோதகச் சபைக் குருவாகிய தரஸ் சுவாமியார் எழுப்பிய லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் லூர்து நகரின் அர்ச். பெர்னதெத்தம்மாளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அவள் தகப்பன் மாவு மில்லை இழந்த ஏழை. குடும்பம் முழுதும், கைவிடப்பட்ட பழைய சிறைக்கூடத்து அறை ஒன்றில் குடியிருந்தது. 1858 பிப்ரவரி 25ந் தேதி, மாதா காட்டிய இடத்தில் அந்தப் பெண் தரையைக் கையால் தோண்டினாள். சேறு வந்தது. மாதாவின் சொற்படி அதையே குடித்தாள், முகத்திலும் பூசினாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். அந்தச் சேற்றிலிருந்து தெளிந்த ஊற்றுக்கு உலகெங்குமிருந்து வியாதியஸ்தர் வருகிறார்கள். பெர்னதெத்தம்மாளுக்கோ காசவியாதி நீங்கவில்லை. 1866இல் நெவேர் நகரத்து மடத்தில் சேர்ந்து, அங்கே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தானும் நோயாளியாகவே இருந்து, 1879 ஏப்ரல் 16ந் தேதி முப்பத்தைந்தாம் வயதில் மரித்தாள். காட்சிகளை வைத்து ஒரு காசுகூடச் சம்பாதிக்க அவள் இசையவில்லை. சேறு தனக்கு, தெளிந்த தண்ணீர் பிறருக்கு. இதுவே மாதாவின் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுடைய கணக்கு.

பிரியமானவர்களே, தெளிந்த தண்ணீர் என்று சொல்லும்போது நம் பாலாற்றை நினையாமல் இருக்க முடியுமா? தோல் நமக்குச் சோறு போடுகிறது. பச்சைத்தோலின் உப்பும், சுண்ணாம்புக் குழியின் நீரும், குரோமியமும் நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்ததும் நமக்குத் தெரியும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28ந் தேதி தீர்ப்புச் சொன்னது. நீரையும் நிலத்தையும் கெடுத்தவனே அதற்கு ஈடு கட்டவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சர்க்காரின் சட்டம் கையும் களவுமாகப் பிடிபட்டவனைத்தான் தண்டிக்கும். மனச்சாட்சியோ இரவிலும் விழித்திருக்கிறது. யாரும் காணாத நேரத்தில் கழிவு நீரைத் திறந்துவிடுகிறவனும், திறந்துவிடச் சொல்லுகிறவனும், கீழ்க்காட்டுக்காரனுடைய கிணற்றில் நஞ்சு ஊற்றுகிறார்கள். அந்தக் கிணற்றுக்காரன் அவர்களுடைய "எங்களுக்காக" என்ற வார்த்தையில் சேர்ந்தவன் இல்லையா?

2015 ஜனவரி 31ந் தேதி விடியுமுன் இராணிப்பேட்டையில், தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளரைக் கழிவுச் சேறு மூடிற்று. பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் பாஷை தெரியாது, நம் கோயில் தெரியாது. ஆயினும் ஒவ்வொருவனுக்கும் எங்கேயோ ஒரு கிராமத்தில் ஒரு தாய் இருந்தாள். இன்றைக்கும் நம் தெருக்களின் வாடகை அறைகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது "வடக்கத்தியான்" என்று ஒதுங்கிப் போகிறோமா? சிலுவையடியில் பிறத்தியாள் மகனை ஏற்றுக்கொண்ட தாயின் பிள்ளைகளுக்கு அது அழகல்ல.

நம் அயல் வீட்டு இஸ்லாமியரையும் மறக்கக்கூடாது. அவர்கள் நம் அன்னையை மரியம் என்று கனம்பண்ணுகிறார்கள். அவர்களுடைய திருக்குர்ஆனில் பத்தொன்பதாம் அதிகாரத்துக்கு அவளுடைய பெயரே இடப்பட்டிருக்கிறது. 1965 அக்டோபர் 28ந் தேதி வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடும் இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லுகிறது. ஒரே பட்டறையில் வேலை செய்து, ஒரே தெருவில் குடியிருக்கும் நமக்குள் அந்தத் தாயின் பெயர் சிநேகத்தின் பாலமாக இருக்கட்டும்.

நற்கிரியைகள்

இந்த மாதத்தில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று நற்கிரியைகளை அனுசரிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

முதலாவது, தினமும் ஜெபமாலையில் ஒரு பத்துமணியை நம் குடும்பத்தைச் சேராத ஒருவருக்காக ஒப்புக்கொடுங்கள். வீட்டில் இளைய பிள்ளை அந்தப் பெயரைச் சொல்லட்டும். நம்மோடு பேசாமல் இருக்கும் பங்காளியின் பெயரும் ஒரு நாள் வரட்டும்.

இரண்டாவது, வாரத்தில் ஒரு முறை, நமக்குத் திரும்பி ஒன்றும் செய்ய முடியாத ஒருவரைப் போய்ப் பாருங்கள். படுத்த படுக்கையான கிழவி, வேலையை இழந்த தொழிலாளி, பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட தனி வீடு, இவர்களில் யாரானாலும் சரி. 1921ஆம் ஆண்டு டப்ளின் நகரத்தில் தொடங்கிய மரியாயின் சேனையார் முதன்முதல் ஏற்ற அலுவல், ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழை நோயாளிகளைச் சந்திப்பதே. அவர்கள் கையில் பணம் கொண்டு போகவில்லை. தேவமாதாவைப்போல் தங்களையே கொண்டு போனார்கள்.

மூன்றாவது, யாருக்கும் தெரியாமல் ஒரு நன்மை செய்யுங்கள். கானாவூரில் மாதாவுக்கு நன்றி சொன்னவர் இல்லை என்பதை நினைத்து, நன்றி எதிர்பாராமல் செய்யுங்கள். செய்ததைப் பங்குச் சுவாமியாரிடமும் சொல்ல வேண்டாம்.

இவற்றைச் செய்யும்போது உங்கள் சொந்த மன்றாட்டுகளை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மகளின் கல்யாணமும், தகப்பனாரின் வியாதியும், வட்டிக்கடனும் தாய்க்குத் தெரியும். பந்தியில் இரசம் குறைந்ததைச் சொல்லாமலே கண்டவள், உங்கள் வீட்டில் அரிசி குறைந்ததைக் காணமாட்டாளா? உங்கள் தேவையை அவள் பார்த்துக்கொள்ளட்டும். அயலானுடைய தேவையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று இரவு ஜெபமாலையைக் கையில் எடுக்கும்போது, "எங்களுக்காக" என்ற வார்த்தை வருமிடத்தில் ஒரு முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 53 மணி இருக்கிறது. 53 முகங்களுக்கு இடம் உண்டு.

ஜெபம்

மகா பரிசுத்த தாயாகிய மரியம்மாளே! உம்முடைய கால்கள் பிறர் வீட்டுக்கு நடந்தன. எங்கள் கால்களை அங்கே திருப்பியருளும். உம்முடைய கண்கள் பிறர் குறையைக் கண்டன. எங்கள் கண்களைத் திறந்தருளும். உம்முடைய இருதயம் பிறத்தியாள் பிள்ளையை ஏற்றுக்கொண்டது. எங்கள் இருதயத்தை விசாலமாக்கியருளும். தோலில் உழைத்துக் கை வெந்துபோனவர்களையும், கிணறு கெட்டுப்போனவர்களையும், பிழைக்க வந்த ஊரில் இறந்துபோனவர்களையும் உமது திருக்குமாரனுடைய இரக்கத்தில் சேர்த்தருளும். நாங்கள் உம்மை நேசிக்கிறோம் என்று வாயால் சொல்லுகிறதை எங்கள் அயலார் தங்கள் கண்ணால் காணும்படி செய்தருளும். ஆமென்.

மனவல்லய ஜெபம்: சேசுவின் தாயே, என்னை எனக்கென்று விடாதேயும்.